பிள்ளைக்கு மாதம் எவ்வளவு? பராமரிப்புத் தொகையைக் கணக்குப் போடும் விதம்

என் தங்கை பையனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த புதிதில், வக்கீல் கேட்ட முதல் கேள்விக்கே எங்களிடம் பதில் இல்லை.

"பையனுக்கு மாசம் எவ்வளவும்மா கேக்கப் போறீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். "ஒரு இருபதாயிரம்?" என்றாள், காய்கறிக் கடையில் விலை கேட்கிற குரலில். வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டார். "நான் எழுதிடுவேன். இருபதாயிரம் எப்படி வந்துச்சுன்னு ஜட்ஜ் கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்க?"

அன்றைக்கு ராத்திரி பழைய தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் நாங்கள் போட ஆரம்பித்த கணக்குதான் இந்தக் கட்டுரை. நான் வக்கீல் இல்லை. தங்கையோடு கோர்ட்டுக்கு அலைந்ததில் தெரிந்துகொண்டதையும், அதற்காக உட்கார்ந்து படித்ததையும் சொல்கிறேன். உங்கள் வழக்குக்கு உங்கள் வக்கீல் சொல்வதுதான் கடைசி வார்த்தை. ஆனால் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு போனால் அவரிடம் பேசுவது சுலபமாக இருக்கும்.

சதவீதக் கணக்கு என்று ஒன்று இல்லை

பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இதற்கு அரசே ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறது. வருமானம், பிள்ளைகளின் எண்ணிக்கை, பிள்ளை யாரோடு எத்தனை இரவு தங்குகிறது என்பதையெல்லாம் கொடுத்தால் தொகை வந்துவிடும். நம் நாட்டில் அப்படி எதுவும் இல்லை. நீதிபதிதான் இரு தரப்புக் காகிதங்களையும் பார்த்து முடிவு செய்கிறார்.

"சம்பளத்துல கால்வாசி கிடைக்கும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். எங்கள் தெருவிலும் சொன்னார்கள். அந்த 25 சதவீதம் 2017-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சொன்னது. அது மனைவிக்கான ஜீவனாம்சத்தைப் பற்றியது, கணவரின் பிடித்தம் போன சம்பளத்தை வைத்துச் சொன்னது. அந்த வழக்கிலேயே கணவருக்கு இன்னொரு குடும்பம் இருந்ததைக் காட்டி 23,000 ரூபாயை 20,000 ஆகக் குறைத்தார்கள். பிள்ளையின் தொகைக்கு அதை அளவுகோலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எந்தச் சட்டத்தில் கேட்பது

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவைத்தான் எல்லாரும் சொல்வார்கள். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு வந்துவிட்டது. எண்தான் மாறியிருக்கிறது, விஷயம் பெரும்பாலும் அதேதான். கோர்ட் வட்டாரத்தில் 'மெயின்டனன்ஸ் கேஸ்', சுருக்கமாக 'எம்.சி.' என்பார்கள். எந்த மதத்தினரும் போடலாம். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் உரிமை உண்டு. குடும்ப நல நீதிமன்றம் இருக்கும் ஊரில் அங்கே, இல்லாத ஊரில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில். கணவரின் ஊருக்குப் போக வேண்டியதில்லை, நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே போடலாம்.

குடும்ப வன்முறைச் சட்டத்திலும், இந்துக்களானால் 1956-ஆம் ஆண்டு தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டத்திலும், விவாகரத்து வழக்குக்குள்ளேயும்கூட பிள்ளைக்குப் பணம் கேட்கலாம். இரண்டு இடத்தில் கேட்டால் ஒன்றில் கிடைத்ததை மற்றதில் கழித்துக்கொள்வார்கள். எதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மனு எழுதும்போது ஒன்றை மட்டும் விடாமல் கவனியுங்கள். பிள்ளையைத் தனி மனுதாரராகச் சேர்த்து, பிள்ளைக்கு இவ்வளவு, எனக்கு இவ்வளவு என்று இரண்டு தொகையாகக் கேளுங்கள். 'எங்கள் இருவருக்கும் சேர்த்து' என்று எழுதினால் பின்னால் சிக்கல். மனைவியின் தொகை ஏதோ காரணத்தால் நின்றுபோனாலும் பிள்ளையின் தொகை நிற்கக் கூடாது.

முதல் படி: பிள்ளையின் செலவு

எல்லாரும் அப்பாவின் சம்பளத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். 'அவனுக்கு எவ்வளவு வருதுன்னு தெரியுமா' என்பதிலேயே அரை மணி நேரம் கோபமாகப் போனது. பிள்ளையிலிருந்து ஆரம்பியுங்கள். அந்தக் கணக்கு முழுக்க உங்கள் கையில் இருக்கிறது, எதிர்த் தரப்பால் மறைக்க முடியாது.

பன்னிரண்டு மாதத்துச் செலவையும் எழுதி, கடைசியில் பன்னிரண்டால் வகுக்க வேண்டும். போன மாதச் செலவை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும். ஜூன் மாதத்தில் ஃபீஸ், புத்தகம், யூனிஃபார்ம், ஷூ என்று கொட்டும். மே மாதத்தில் வேன் காசு இருக்காது. தீபாவளிக்குத் துணி. மழைக்காலத்தில் காய்ச்சலும் டாக்டரும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். எட்டு வயதுப் பையன், மூன்றாம் வகுப்பு. அம்மா, பாட்டி, பையன் என்று மூன்று பேர் ஒரு வாடகை வீட்டில். தொகையெல்லாம் நான் போட்டுக்கொண்டது, உங்கள் வீட்டுத் தொகை வேறாக இருக்கும்.

ஸ்கூல் ஃபீஸ் வருஷம் 36,000, மாதத்துக்கு 3,000
புத்தகம், யூனிஃபார்ம், ஷூ, பை வருஷம் 9,600, மாதத்துக்கு 800
வேன் 1,200 வீதம் பத்து மாதம், பன்னிரண்டால் வகுத்தால் 1,000
டியூஷன் 1,000
பால், முட்டை, பழம், சாப்பாடு, நொறுக்குத்தீனி 4,500
வாடகை 7,500, அதில் பையனின் பங்கு மூன்றில் ஒன்று, 2,500
கரண்ட், கேஸ் பங்கு 500
டாக்டர், மருந்து, பல் வருஷம் 6,000, மாதத்துக்கு 500
துணிமணி, பண்டிகை, முடிவெட்டு 1,000
பிறந்தநாள், சைக்கிள் ரிப்பேர், ஸ்கூல் டூர், நோட்டு பேனா என்று உதிரி 1,200

கூட்டினால் 16,000. எழுத உட்காரும்போது பெரும்பாலோர் விட்டுவிடுவது வாடகைப் பங்கைத்தான். 'எப்படியும் வாடகை கொடுக்கத்தானே போறோம்' என்று தோன்றும். பிள்ளையின் தேவையில் இருப்பிடமும் ஒன்று, அதற்கும் பங்கு உண்டு. சொந்த வீட்டிலோ அம்மா வீட்டிலோ இருந்தால் வாடகை போட முடியாது, கரண்ட் பில் மாதிரியானவற்றில் பங்கு போடுங்கள். பொய்யாக ஒரு வாடகையை எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

டியூஷன், பாட்டு, கராத்தே எல்லாம் சேர்க்கலாமா? சேர்க்கலாம். 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் கொடுத்த தீர்ப்பு இதைத் தெளிவாகவே சொல்கிறது. உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம், படிப்பு ஆகியவற்றோடு கூடுதல் பயிற்சி வகுப்புகளையும் கணக்கில் எடுக்கலாம், ஆனால் நியாயமான அளவில் இருக்க வேண்டும், ஆடம்பரமாகப் போகக் கூடாது. ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் வகுப்பு என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். வழக்குப் போட்ட மறு வாரம் சேர்த்த குதிரையேற்ற வகுப்பு வேறு கதை.

ரசீது இல்லாத செலவுக்கு? பால்காரர் ரசீது தர மாட்டார். கூகுள் பே வரலாறு இருக்கும், பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்கும், மளிகைக் கடை நோட்டு இருக்கும். வேன்காரரிடம் ஒரு சின்ன கை ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஓர் ஆதாரம் இருக்கிற வரி எதிர்த் தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணையில் நிற்கும். எங்கள் பட்டியலில் 'இதர செலவு 3,000' என்று ஒரு வரி இருந்தது. 'என்ன இதரம்' என்று கேட்டார்கள். தங்கையால் உடனே சொல்ல முடியவில்லை. அந்த வரி அப்படியே போனது.

இரண்டாம் படி: அப்பாவின் வருமானம்

மாதச் சம்பளக்காரர் என்றால் சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, ஐ.டி. ரிட்டர்ன் எல்லாம் இருக்கும். தகராறு வருவது 'கையில் எவ்வளவு வருகிறது' என்பதில். நம் உதாரணத்தில் அப்பாவின் மொத்தச் சம்பளம் 62,000. பி.எஃப்., தொழில் வரி என்று கட்டாயப் பிடித்தம் 2,000. அதற்கு மேல் பர்சனல் லோன் தவணை 15,000, தானாக விரும்பிக் கூட்டிக்கொண்ட பி.எஃப். 3,000, சொசைட்டிக் கடன் 2,000. கணக்கில் விழுவது 40,000. அவர் கோர்ட்டில் சொல்லப்போவதும் இந்த 40,000-ஐத்தான்.

கோர்ட் பொதுவாகக் கழிக்க விடுவது வருமான வரி, கட்டாயப் பிடித்தம் இவற்றை மட்டும். தானாகச் சேமிப்பதையும், தன் வசதிக்கு வாங்கிய கடனின் தவணையையும் காட்டிப் பிள்ளையின் பங்கைக் குறைக்க முடியாது. ஆகவே நீங்கள் போட வேண்டிய எண் 60,000. ஆனால் பிள்ளையே குடியிருக்கும் வீட்டுக்கான கடன், அவரை நம்பியிருக்கும் வயதான பெற்றோரின் வைத்தியச் செலவு போன்றவற்றை நீதிபதி நியாயமாகவே கணக்கில் எடுப்பார். அதையும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தத் தொழில், கமிஷன், ரியல் எஸ்டேட் என்றால்தான் தலைவலி. ஐ.டி. ரிட்டர்னில் மாதம் பதினைந்தாயிரம் காட்டியிருப்பார், வாசலில் கார் நிற்கும். இங்கே வருமானத்தை நேராக நிரூபிக்க முடியாது, வாழ்க்கை முறையை வைத்துத்தான் காட்ட வேண்டும். சொத்து இருக்கும் சர்வே எண் தெரிந்தால் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் பார்க்கலாம். பட்டா, சிட்டாவும் இணையத்தில் கிடைக்கும். வண்டி எண், கடையின் போர்டு, சேர்ந்து வாழ்ந்த காலத்தில் வீட்டுச் செலவுக்கு அவர் அனுப்பிய பணத்தின் பேங்க் வரவு, குடும்பமாகப் போன பயணங்கள் எல்லாம் உதவும். அவருடைய மெயிலைத் திறந்து பார்ப்பது, போனை எடுத்துப் படம் பிடிப்பது மாதிரியான வேலைகள் வேண்டாம். அது நம் பக்கமே திரும்பும். கம்பெனியிலிருந்து சம்பளச் சான்று வரவழைக்கும்படி கோர்ட்டிலேயே மனு போட்டுக் கேட்கலாம்.

'எனக்கு வேலையே இல்லை' என்று சொன்னால்? உடம்பில் தெம்புள்ளவர் உழைத்தாவது மனைவியையும் பிள்ளையையும் காப்பாற்ற வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கில் கணவர் தொழிலை மூடிவிட்டதாகவும் வருமானம் இல்லை என்றும் சொன்னார். மனைவிக்கு 10,000 கொடுக்க உத்தரவானது, பையனுக்கு ஏற்கெனவே கொடுக்கச் சொல்லியிருந்த 6,000 அதற்கு மேலே.

வெளிநாட்டில் வேலை என்றால் அந்த நாட்டுப் பணத்தில் என்ன சம்பளம், அங்கே என்ன செலவு என்று இரண்டையும் சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு. துபாய் சம்பளத்தை ரூபாயாக மாற்றிப் பார்த்து மலைக்காதீர்கள். அங்கே வாடகையும் துபாய் வாடகைதான்.

மூன்றாம் படி: இரண்டு விதமாகக் கணக்குப் போடுங்கள்

நம் உதாரணத்தில் அம்மாவும் வேலைக்குப் போகிறார், ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறார், 20,000 சம்பளம்.

ஒரு வழி, வருமான விகிதம். பிள்ளையைக் காப்பது இருவர் கடமையும்தான். 2000-ஆம் ஆண்டு ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் பிள்ளைக்கு மாதம் 3,000 என்று வைத்து, அப்பாவும் அம்மாவும் 2:1 என்ற விகிதத்தில் போட வேண்டும் என்றது. அப்பாவின் சம்பளம் அம்மாவின் சம்பளத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. நம் கணக்கில் 60,000-க்கு 20,000, அதாவது 3:1. பையனின் 16,000-இல் அப்பா 12,000, அம்மா 4,000.

இன்னொரு வழி, பங்கு பிரிப்பது. டெல்லி உயர் நீதிமன்றம் 2004-இல் சொன்னது. குடும்பத்து வருமானம் முழுவதையும் ஒரு கேக் மாதிரி நினைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். சம்பாதிக்கும் கணவருக்கு வேலைக்குப் போய்வரும் செலவு அதிகம் என்பதால் இரண்டு பங்கு, மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. இங்கே 60,000-மும் 20,000-மும் சேர்ந்து 80,000. அப்பாவுக்கு 2, அம்மாவுக்கு 1, பையனுக்கு 1, மொத்தம் 4 பங்கு. ஒரு பங்கு 20,000. அம்மாவின் பங்கு அவர் சம்பளத்திலேயே வந்துவிடுகிறது. பையனின் 20,000 அப்பாவிடமிருந்து வர வேண்டும். நம் ஊர் கோர்ட்டை இந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனாலும் சரிபார்க்க நல்ல கணக்கு.

ஆக 12,000-க்கும் 20,000-க்கும் நடுவில் எங்கோ. இதில் எதைக் கேட்பது? என் அபிப்பிராயம், பட்டியல் தாங்கும் தொகையைத் தாண்டிக் கேட்காதீர்கள். 16,000-க்குக் கணக்கு இருக்கிறது, 16,000 கேளுங்கள். ஸ்கூலுக்கு அனுப்புவது, காய்ச்சலில் கண் விழிப்பது, வீட்டுப்பாடம் எல்லாவற்றையும் அம்மா செய்வதால் பணத்தில் அவர் பங்கு குறைவாக இருக்கலாம் என்று வாதாட இடம் இருக்கிறது. மனதுக்குள் 12,000-ஐ அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள். சமரசப் பேச்சில் அதற்குக் கீழே போக யாராவது சொன்னால், எந்த வரியை அடிக்கச் சொல்கிறீர்கள் என்று பட்டியலை நீட்டலாம். தங்கை இதைத்தான் செய்தாள். எதிர்த் தரப்பு வக்கீல் பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு டியூஷனை மட்டும் அடித்தார்.

அம்மாவுக்கு வருமானமே இல்லை என்றால் கணக்கு சுலபம். பையனின் 16,000-மும் அப்பா பொறுப்பு. பங்கு முறையில் பார்த்தாலும் 60,000-ஐ நான்காகப் பிரித்தால் பையனுக்கு 15,000, கிட்டத்தட்ட அதே எண். அம்மாவுக்கான தொகை தனி. பிள்ளை இரண்டு என்றால் பட்டியலை அப்படியே இரண்டால் பெருக்காதீர்கள். அண்ணன் யூனிஃபார்மைத் தம்பி போடுவான், வாடகை ஏறாது.

நான்காம் படி: அஃபிடவிட்

மேலே சொன்ன 2020 தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். தீர்ப்போடு அதற்கான படிவமும் இணைக்கப்பட்டிருக்கிறது. விவசாயக் குடும்பங்களுக்குத் தனிப் படிவம் உண்டு. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள், தினக்கூலிக்காரர்கள் ஆகியோருக்கு விலக்குக் கிடைக்கும்.

படிவம் நீளம். பயந்துவிடாதீர்கள். முதல் படியில் போட்ட பட்டியல் இருந்தால் பாதி நிரம்பிவிட்டது. உங்கள் பெயரில் இருக்கும் நகை, சீட்டு, அஞ்சலகச் சேமிப்பு எல்லாவற்றையும் எழுதுங்கள். வீட்டில் தையல் தைத்து மாதம் மூவாயிரம் வந்தாலும் எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால் மற்ற வரிகளையும் நம்ப மாட்டார்கள். எதிர்த் தரப்பின் வருமானம் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எழுதவும் அதில் இடம் இருக்கிறது, இரண்டாம் படியில் சேகரித்தது அங்கே போகும். நோட்டீஸ் கிடைத்த அவர் நான்கு வாரத்துக்குள் தன் பத்திரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும்.

மனுவைத் தள்ளிப்போடாதீர்கள்

தொகை எந்தத் தேதியிலிருந்து? மனு போட்ட தேதியிலிருந்து என்று அதே தீர்ப்பு சொல்லிவிட்டது. பிரிந்த தேதியிலிருந்து கிடைக்காது. பெரியவர்கள் பேசி முடிப்பார்கள் என்று நாங்கள் நாலு மாதம் காத்திருந்தோம். 12,000 என்று வைத்தால் அது 48,000 ரூபாய். பேச்சுவார்த்தை ஒரு பக்கம் நடக்கட்டும், மனு ஒரு பக்கம் இருக்கட்டும்.

மனுவோடு இடைக்காலப் பராமரிப்பும், அதாவது வழக்கு முடியும் வரைக்குமான தொகையும் கேளுங்கள். நோட்டீஸ் சேர்ந்த அறுபது நாளுக்குள் கூடுமானவரை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தக் 'கூடுமானவரை' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் 2013-இல் கேட்ட இடைக்காலத் தொகைப் பிரச்சினை ஏழு வருஷம் நீண்டு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. அதில் பையனுக்கு முதலில் மாதம் 5,000, 2015 செப்டம்பரிலிருந்து 10,000 என்று குடும்ப நல நீதிமன்றம் வைத்திருந்தது. பிள்ளை வளர வளரச் செலவு ஏறும் என்பதை உத்தரவிலேயே எழுதிவிட்டார்கள். நீங்களும் 'வருஷத்துக்கு இத்தனை சதவீதம் உயர்வு' என்று மனுவிலேயே கேளுங்கள். கேட்காவிட்டால் தானாக ஏறாது, ஒவ்வொரு முறையும் தொகையை மாற்றச் சொல்லி இன்னொரு மனு போட வேண்டும்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள், கோர்ட் வளாகத்திலேயே இருக்கும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.

எத்தனை வயது வரை

144-ஆம் பிரிவில் பதினெட்டு வயது வரை. உடல், மன ஊனத்தால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கு அதற்குப் பிறகும் உண்டு. திருமணமாகாத இந்து மகள் தன்னைக் காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்தால் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் கேட்கலாம். பையன்களின் கல்லூரிப் படிப்புதான் இடிக்கும் இடம். பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து வாங்குகிறீர்கள் என்றால், கல்லூரிச் செலவு யார் பொறுப்பு, எவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். அந்த ஒப்பந்தத்தில் 'பிள்ளைக்கு எதுவும் வேண்டாம்' என்று கோபத்தில் கையெழுத்துப் போடும் அம்மாக்கள் இருக்கிறார்கள். பிள்ளையின் உரிமையை அப்படி அம்மா எழுதிக் கொடுத்துவிட முடியாது, ஆனால் பின்னால் அதை மீட்க நீங்கள்தான் மறுபடி அலைய வேண்டியிருக்கும்.

உத்தரவு வந்த பிறகு

பிள்ளையின் தொகைக்கென்றே ஒரு பேங்க் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கையில் ரொக்கமாக வாங்காதீர்கள். கொடுத்ததற்கும் கொடுக்காததற்கும் பாஸ்புக்தான் சாட்சி. 'பையனை வாரம் ஒருமுறை அனுப்பினாத்தான் பணம்' என்று அவர் சொன்னால், பார்க்கும் உரிமை வேறு, பராமரிப்புத் தொகை வேறு. ஒன்றைக் காட்டி மற்றதை நிறுத்த அவருக்கும் உரிமையில்லை, உங்களுக்கும் இல்லை.

பணம் வராமல் நின்றால் கோர்ட்டில் வசூல் மனு போடலாம். வாரண்ட் போட்டு வசூலிப்பார்கள், அப்படியும் கொடுக்காவிட்டால் பாக்கிக்காகச் சிறையும் உண்டு. ஆனால் ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் அது கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனு போட்டாக வேண்டும். 'போகட்டும், மொத்தமாக் கேட்டுக்கலாம்' என்று இரண்டு வருஷம் விட்டால் முதல் வருஷத்துப் பாக்கி இந்த வழியில் கிடைக்காது. தங்கை வீட்டுச் சமையலறையில் காலண்டரில் பத்தாம் தேதியைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் இருக்கும். பணம் வந்தால் டிக், வராவிட்டால் பெருக்கல் குறி. மூன்று பெருக்கல் குறி சேர்ந்தால் வக்கீலுக்கு போன்.